வளர்ந்தால் போதாது, முதிரவும் வேண்டும்: கருப்பைச் சவ்வின் ரத்தக்குழாய்கள்

வளர்ந்து முடிந்த உடம்பில் புதிதாக ரத்தக்குழாய் முளைப்பது அபூர்வம். காயம் ஆறும்போது முளைக்கும். புற்றுக்கட்டி வளரும்போது முளைக்கும். நோயோ காயமோ இல்லாமல் மாதாமாதம் முளைத்து, முதிர்ந்து, அழிந்து, மறுபடி முளைக்கிற இடங்கள் பெண்ணின் சூலகமும் கருப்பையின் உட்சவ்வும்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘எண்டோமெட்ரியம் 9 மி.மீ.’ என்று ஒரு வரி வரும். எல்லோரும் அந்தத் தடிமனைப் பற்றியே கேட்கிறார்கள். அதற்குள் ஓடும் குழாய்களைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் அளவுக்கு மீறிய மாதவிடாய், வாரக்கணக்கில் நிற்காத கசிவு, கருத்தடை ஊசிக்குப் பின் வரும் ஸ்பாட்டிங், கர்ப்பகால ரத்தக்கொதிப்பு ஆகியவற்றில் பலவற்றின் வேர் அந்தக் குழாய்களில்தான் இருக்கிறது. பெரும்பாலும் குழாய் குறைவாக இருப்பது சிக்கல் அல்ல. வளர்ந்த குழாய் முதிராமல் நிற்பதே சிக்கல்.

முதலில் ரத்தம் வரும் வழி. இடுப்புக்குள் இரு பக்கமும் ஒவ்வொரு கருப்பைத் தமனி கிளம்புகிறது. அது கருப்பைத் தசைக்குள் புகுந்து, வளைந்து ஓடும் வில் தமனிகளாகப் பிரியும். அவற்றிலிருந்து உள்நோக்கி ஆரத் தமனிகள் கிளம்பும். தசையும் சவ்வும் சேரும் எல்லையை ஒட்டி இவை இருவகைக் கிளைகளாகும். ஒன்று நேராக ஓடிச் சவ்வின் அடியடுக்கோடு நின்றுவிடும் குட்டைத் தமனி. ஹார்மோன் ஏறினாலும் இறங்கினாலும் அது அவ்வளவாக அசைவதில்லை. மற்றொன்று மேலடுக்குக்குள் ஏறிச் செல்லும் சுருள் தமனி. ஹார்மோனின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் அது ஆடும். மாதவிடாயில் உதிர்வது மேலடுக்கு. அடியடுக்கு அப்படியே தங்கும். அடுத்த மாதத்துச் சவ்வும் குழாயும் அங்கே மிஞ்சிய அடிக்கட்டையிலிருந்துதான் வளர்ந்தாக வேண்டும்.

அந்த வளர்ச்சி, ரத்தப்போக்கு நிற்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இரண்டாம், மூன்றாம் நாளிலேயே சுரப்பிகளின் அடிப்பகுதியிலிருந்து மேல்தோல் செல்கள் ஊர்ந்து வந்து புண்ணை மூட ஆரம்பிக்கும். ஐந்தாறு நாளில் மூடியும் விடும். தழும்பு விழாது. இந்த நேரத்தில் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதுதான் வியப்பு. ஆக, ஆரம்ப வேலையைத் தொடங்கிவைப்பது ஈஸ்ட்ரோஜன் அல்ல. ரத்த ஓட்டம் சுருங்கி ஆக்சிஜன் குறைந்த திசுவே குரல் கொடுக்கிறது: அங்கே வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் கூடுகிறது, அது குழாய் செல்களைப் பெருகவைக்கிறது. எலியிலும் குரங்கிலும் இந்தப் புரதத்தைத் தடுத்துப் பார்த்தபோது புதுக் குழாய் முளைப்பது நின்றது. மேல்தோல் மூடுவதும் தடைப்பட்டது.

இந்தப் புரதத்துக்கு இரண்டு முகம். 1983இல் ஹரால்ட் டுவோராக்கின் குழு, ரத்தக்குழாயைக் கசியவைக்கும் ஒரு பொருளைக் கண்டறிந்தது. 1989இல் நெப்போலியோன் ஃபெராராவின் குழு, குழாயை வளரவைக்கும் பொருளைப் பிரித்தெடுத்தது. பார்த்தால் இரண்டும் ஒன்றே. வளர்க்கிற அதே கைதான் கசியவும் வைக்கிறது. புதிதாக முளைத்த குழாய் ஒற்றை அடுக்குச் செல்லால் ஆன, பஞ்சுபோல நைந்த சுவர் கொண்டது. அதைச் சுற்றிப் பெரிசைட் என்ற தாங்கு செல்களும், பெரிய குழாயானால் தசைச் செல்களும் வந்து அணைக்க வேண்டும். ஆஞ்சியோபாய்டின்-1 என்ற புரதம் இந்த அணைப்பை உறுதியாக்கும். ஆஞ்சியோபாய்டின்-2 அதைத் தளர்த்தும். தளர்ந்தால்தான் புதுக் கிளை விட முடியும். ஆனால் தளர்ந்தே கிடந்தால் ரத்தம் கசியும். இந்தப் பதிவில் இனி வரும் எல்லாச் சிக்கலையும் இதை வைத்தே படிக்கலாம்.

மாதவிடாய் முடிந்தவுடன் ஸ்கேனில் சவ்வு 2 முதல் 4 மி.மீ. இருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, கருமுட்டை வெளிவரும் நாளுக்குள் 8 முதல் 12 மி.மீ. ஆகிவிடும், மூன்று வரி போட்டதுபோல் தெரியும். குழாய்களும் கூடவே நீளும். முட்டை வெளிவந்ததும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வருகிறது. அதன்பின் சவ்வு உயர்வது ஏறக்குறைய நின்றுவிடும். சுருள் தமனி மட்டும் நிற்காமல் நீண்டுகொண்டே போகும். உயரம் கூடாத இடத்துக்குள் நீளம் கூடினால் என்ன ஆகும்? பழைய லேண்ட்லைன் போன் வயர்போலச் சுருளும். தமனியின் சுவரில் தசைச் செல்கள் திரள்வதும், குழாய்கள் கெட்டிப்படுவதும் இந்தப் பதினாலு நாளில்தான். சுருக்கமாக, ஈஸ்ட்ரோஜன் வளர்க்கிறது, புரோஜெஸ்டிரோன் முதிரவைக்கிறது.

கர்ப்பம் தங்காவிட்டால் புரோஜெஸ்டிரோன் சரியும். அப்போது என்ன நடக்கிறது என்பதை நேருக்கு நேர் பார்த்தவர் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜே. இ. மார்கீ. ரீசஸ் குரங்கின் கருப்பைச் சவ்வில் சிறு துண்டுகளை எடுத்து அதே குரங்கின் கண்ணில், விழிவெண்படலத்துக்கு (கார்னியாவுக்கு) பின்னால் உள்ள அறையில் ஒட்டவைத்தார். துண்டு அங்கே பிழைத்தது, மாதாமாதம் ரத்தமும் கசிந்தது. வெளியிலிருந்து உருப்பெருக்கியால் பார்க்க முடிந்தது. 1940இல் அவர் வெளியிட்ட விவரம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. முதலில் சவ்வு நீர் வற்றிச் சுருங்குகிறது. சுருள்கள் மேலும் நெருங்கி மடங்குகின்றன, ஓட்டம் மந்தமாகிறது. ரத்தம் வருவதற்கு 4 முதல் 24 மணி நேரம் முன்பு சுருள் தமனி இறுகிக்கொள்கிறது. பிறகு ஒவ்வொன்றாகத் தளரும்போது, சிதைந்த சுவர் வழியே ரத்தம் வெளியேறுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. இறுகிய தமனி அடியில் காவல் நிற்கிறது. இதனால்தான் இவ்வளவு பெரிய புண்ணிலிருந்தும் சராசரியாக 30 முதல் 40 மி.லி. ரத்தமே போகிறது.

80 மி.லி.க்கு மேல் போனால் அதிகம் என்பது பழைய ஆய்வுக் கணக்கு. வீட்டில் யாரும் மி.லி.யில் அளப்பதில்லை. அதற்காக வந்ததுதான் 1990இல் ஹிகாம் குழு வெளியிட்ட படக் கணக்கு. லேசாகக் கறைபட்ட பேட் ஒன்றுக்கு 1, நடுத்தரமாக நனைந்ததற்கு 5, முழுதாக நனைந்ததற்கு 20 மதிப்பெண். சிறு கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. மொத்த நாள்களையும் கூட்டி 100ஐத் தாண்டினால் 80 மி.லி.க்கு மேல் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பேட் அளவு மாறினால் கணக்கும் கொஞ்சம் மாறும், ஒரே வகையை வைத்து எண்ணுங்கள். இரும்புச்சத்துக் கணக்கும் சேர்த்துப் பாருங்கள். 1 மி.லி. ரத்தத்தில் ஏறக்குறைய அரை மி.கி. இரும்பு. 80 மி.லி. என்றால் 40 மி.கி. குடல் நாளொன்றுக்கு உணவிலிருந்து எடுப்பது 1 முதல் 2 மி.கி.; அதில் பாதிக்கு மேல் அன்றாட இழப்புக்கே சரியாகிவிடும். மாதாமாதம் இப்படிப் போனால் சேமிப்பு கரைந்து ஹீமோகுளோபின் 8, 9க்கு இறங்குவதில் ஆச்சரியம் இல்லை. ‘எனக்கு எப்பவும் இப்படித்தான்’ என்று பொறுத்துக்கொள்வதுதான் நம் ஊரில் நடக்கிற பெரிய கெடுதல்.

அதிக ரத்தப்போக்குக்குக் காரணம் எப்போதும் இந்தக் குழாய்கள் மட்டுமல்ல. பாலிப் (சவ்வில் வளரும் சதை), அடினோமயோசிஸ் (சவ்வு தசைக்குள் ஊடுருவுவது), ஃபைப்ராய்டு (தசைக்கட்டி), புற்று என்று உருவக் கோளாறுகள் இருக்கலாம்; வயதுக்கு வந்த நாள் முதலே அதிகமாகப் போகும் பெண்ணுக்கு வான் வில்லிபிராண்ட் போன்ற ரத்த உறைவுக் குறைபாடும் இருக்கலாம். அதனால் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முதலில். ஸ்கேனுக்கு நாள் பார்த்துப் போங்கள். பாலிப்பைத் தேடுவதானால் ரத்தம் நின்ற கையோடு, சவ்வு மெலிந்திருக்கும்போது எடுப்பதே நல்லது. இருபதாம் நாளில் எடுத்தால் தடித்த சவ்வுக்குள் சிறு பாலிப் மறைந்துவிடும், அல்லது நல்ல சவ்வே ‘தடிப்பு’ என்று ரிப்போர்ட்டில் ஏறும்.

உருவக் கோளாறு இல்லை என்றால் மாத்திரை. சவ்வில் உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் நொதிகள் இயல்பாகவே அதிகம். மாதவிடாய் ரத்தம் கட்டியாகாமல் வெளியேற அவையே காரணம். குழாய் வாயில் உருவான உறைவையும் அவை கரைத்தால் ரத்தம் நிற்காது. டிரானெக்ஸாமிக் ஆசிட் இந்தக் கரைப்பைத் தடுக்கிறது. அளவு, ஒரு வேளைக்கு 1 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை இரண்டு, நாளுக்கு மூன்று வேளை, அதிகம் போகும் முதல் நாளிலிருந்து 4 நாள் வரை. இங்கே நடக்கும் தவறு இது: கடையில் கிடைக்கும் கலவை மாத்திரையில் டிரானெக்ஸாமிக் 500, மெஃபெனாமிக் 250 இருக்கும். வேளைக்கு ஒன்று போட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்று சொல்வார்கள். போட்டது பாதி அளவு. மாதவிடாய் வருவதற்கு முன்பே தொடங்குவதும் வீண், ஏனெனில் காக்க வேண்டிய உறைவு அப்போது இல்லை. காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள் தொடக்கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மெஃபெனாமிக் ஆசிட் 500 மி.கி. மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். அது வலியைத் தூண்டும் புரோஸ்டகிளாண்டினைக் குறைத்து வலியையும் போக்கையும் சேர்த்துக் குறைக்கும், ஆனால் டிரானெக்ஸாமிக் அளவுக்கு இல்லை. வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது.

இனி, முதிராத குழாயின் கதை. வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடம், பி.சி.ஓ.எஸ். எனும் சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை, நாற்பதுகளின் பின்பாதி ஆகிய மூன்று கட்டங்களிலும் பல மாதங்கள் முட்டை வெளிவருவதில்லை. முட்டை இல்லையென்றால் புரோஜெஸ்டிரோனும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சவ்வையும் குழாயையும் வளர்த்துக்கொண்டே போகிறது. தாங்கு செல் அணைக்காத, அகன்று மெலிந்த குழாய்கள் மேற்பரப்பின் கீழே நிறைகின்றன. சுருள் தமனி சரியாக உருவாகாததால் இறுகிக் காவல் காக்கவும் ஆளில்லை. ஒரு பக்கம் உடைந்து ஆறும்போது இன்னொரு பக்கம் உடைகிறது. இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு மூன்று வாரம் நிற்காமல் போவதன் பொருள் இதுதான். மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 10 மி.கி. 10 முதல் 14 நாள், அல்லது நோரெதிஸ்டிரோன் 5 மி.கி. மூன்று வேளை கொடுத்தால், விட்டுப்போன முதிர்ச்சி அப்போது கிடைக்கும். மாத்திரையை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் மீண்டும் ரத்தம் வரும், முதல் தடவை கொஞ்சம் அதிகமாகவே வரும். இது மருந்து தோற்றதல்ல. சவ்வு ஒரே சீராக உதிர்கிறது என்று அர்த்தம். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் பயந்து மாத்திரையைத் தாங்களாகவே நீட்டிக்கொண்டு போகிறார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்கு, அல்லது உடல் பருமனோடு வருடக்கணக்கில் தவறிவருபவருக்கு, மாத்திரைக்கு முன் சவ்வில் பயாப்ஸி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். புரோஜெஸ்டிரோனின் எதிர்ப்பில்லாத ஈஸ்ட்ரோஜன் குழாயை மட்டும் வளர்ப்பதில்லை, புற்றையும் வளர்க்கலாம்.

புரோஜெஸ்டிரோன் முதிரவைக்கும் என்றால், அந்த வகை மருந்தை மட்டுமே தரும் கருத்தடை முறைகளில் ஏன் கசிகிறது? நியாயமான கேள்வி. அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 150 மி.கி. ஊசி, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி, கருப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் வளையம் எல்லாமே இந்த வகை. ஏறி இறங்கும் தாளம் இல்லாமல் மருந்து ஒரே மட்டத்தில் தொடர்ந்து இருக்கும்போது சவ்வு மெலிகிறது, சுருள் தமனி ஒடுங்குகிறது, திசுவுக்கு ஆக்சிஜன் குறைகிறது. மேற்பரப்பை ஒட்டி அகன்ற, சுவர் நைந்த, பெரிசைட் குறைந்த குழாய்கள் உருவாகின்றன. தொட்டால் கசியும். முதல் 3 முதல் 6 மாதம் வரை விட்டு விட்டுக் கறைபடுவது இதனால்தான். பிறகு பெரும்பாலானோருக்கு அடங்கிவிடும். ஊசி போடுபவர்களில் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மாதவிடாயே நின்றிருக்கும். ‘கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடுகிறது’ என்ற பயத்துக்கு இடமே இல்லை. உதிரச் சவ்வு வளரவில்லை, அவ்வளவுதான். 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் வளையம் தொடக்கத்தில் நாளுக்கு 20 மைக்ரோகிராம் மருந்தை நேரே சவ்வில் விடுகிறது. அதிக ரத்தப்போக்குக்கு இன்றுள்ள மருந்துகளில் அதைவிட நன்றாக வேலை செய்வது இல்லை. கருப்பையை எடுத்துவிடச் சொல்லும் முன் இதைச் சொல்லாத ஆலோசனை முழுமையானதல்ல.

எதிர்த் திசையில், சவ்வு வளராமலே போவதும் உண்டு. குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்போருக்கு 7 மி.மீ.க்குக் கீழே நிற்கும் சவ்வு பெரிய கவலை. மருந்தை மாற்றிக்கொண்டே போகும் முன் கேட்க வேண்டியது ஒன்று: அடியடுக்கு இருக்கிறதா? பிரசவத்துக்குப் பின், குறிப்பாக முதல் சில வாரங்களில், மிஞ்சிய நஞ்சுக்கொடிக்காக ஆழமாகச் சுரண்டினால் அடியடுக்கே பெயர்ந்து வந்துவிடும். அதோடு அடிக்கட்டைத் தமனியும் போய்விடும். கருப்பைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். இந்தியாவில் இன்னொரு காரணம் காசநோய். சவ்வுக் காசத்தைத் தேட மாதவிடாய்க்குச் சற்று முன்பு சாம்பிள் எடுக்க வேண்டும், ஏனென்றால் காச முடிச்சுகள் உருவாக நாள் பிடிக்கும், மாதவிடாயில் மேலடுக்கோடு அவையும் உதிர்ந்துவிடும். எட்டாம் நாளில் எடுத்து ‘காசம் இல்லை’ என்று வந்தால் அதை முழுதாக நம்ப முடியாது. முட்டை வெளிவரத் தரும் குளோமிஃபீன் மாத்திரையும் சிலருக்குச் சவ்வை மெலியவைக்கும். அது மருந்தை மாற்றினால் சரியாகும். சில்டெனாஃபில் போன்றவை இருக்கும் குழாயை விரிக்கலாம், இல்லாத அடியடுக்கை முளைக்கவைக்காது. ஒட்டு இருக்கிறதா என்று ஹிஸ்டிரோஸ்கோப்பியில் (கருப்பைக்குள் விடும் சிறு கேமராவில்) பார்க்காமல் இந்த மருந்துகளுக்கு மாதக்கணக்கில் பணம் செலவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கர்ப்பம் தங்கினால் சுருள் தமனிக்கு வேறு விதி. கருவிலிருந்து வரும் டிரோபோபிளாஸ்ட் செல்கள் அதற்குள் புகுந்து, முதல் மூன்று மாதத்தின் பெரும்பகுதிக்கு வாயை அடைத்தே வைக்கும்; இளம் கருவுக்கு அதிக ஆக்சிஜன் ஆகாது. கூடவே தசைச் சுவரைக் கரைத்து, கருப்பைத் தசையின் உள் மூன்றில் ஒரு பங்கு ஆழம்வரை தமனியை அகன்ற, இறுக முடியாத குழாயாக்கும். வாய்ப்பகுதி 5 முதல் 10 மடங்கு விரியும். ரத்தம் பீய்ச்சாமல் நிதானமாக நஞ்சுக்கொடியில் நிறையும். 1967இல் பிரோசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் மூவரும் இந்த மாற்றத்தை விவரித்தார்கள். ரத்தக்கொதிப்பு வந்த தாய்மார்களில் இது மேலோட்டமாகவே நின்றுவிடுவது பின்னர் தெரிந்தது. குறுகிய வாயிலிருந்து வேகமாகப் பாயும் ரத்தம் நஞ்சுக்கொடியைக் காயப்படுத்த, அந்த நஞ்சுக்கொடி வி.இ.ஜி.எஃப்.ஐப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. கொதிப்பும் சிறுநீரில் புரதமும் அதன் விளைவு. ஆஸ்பிரின் கொடுப்பதானால் இந்த வேலை நடக்கும்போதே கொடுக்க வேண்டும். 2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு 11 முதல் 14 வாரத்தில் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மி.கி. கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் பிரசவிக்கவைக்கும் கொதிப்பு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறியபின் தொடங்கினால் பயன் இல்லை. தமனியின் விதி அதற்குள் எழுதப்பட்டுவிட்டது.

கடைசியாக, கர்ப்பம் முடிந்த பின். அகன்ற இந்தத் தமனிகள் பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பின் மூடிக்கொள்ள வேண்டும். நஞ்சுக்கொடித் துண்டு மிஞ்சியிருந்தால், சில சமயம் மிஞ்சாமலே கூட, சில தமனிகள் திறந்தே கிடக்கும். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் கருப்பைத் தசைக்குள் கலர் கொட்டிக்கிடக்கும். ரிப்போர்ட்டில் ‘ஏ.வி.எம்.’ (தமனியும் சிரையும் நேரே பிணைந்த கோளாறு) என்று எழுதிவிடுவார்கள், கேட்டவர் நடுங்கிப்போவார். பிறவியிலேயே வரும் உண்மையான ஏ.வி.எம். மிக அரிது. கர்ப்பத்துக்குப் பின் தெரிவது பெரும்பாலும் மூட நேரம் எடுக்கும் சுருள் தமனிதான். ரத்தப்போக்கு இல்லாவிட்டால் வாராவாரம் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் அளவும் ஸ்கேனும் பார்த்துக் காத்திருந்தாலே பலருக்கு மறைந்துவிடும். ஆபத்து, அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமல் டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டுவது) செய்வதில் இருக்கிறது. இறுகத் தசையில்லாத தமனியின் வாயைச் சுரண்டும் கருவியான கியூரெட் திறந்துவிட்டால் நிமிடங்களில் லிட்டர் கணக்கில் போகலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஹிஸ்டிரோஸ்கோப் வழியாகப் பார்த்து எடுப்பதும், தேவைப்பட்டால் கருப்பைத் தமனியை முன்கூட்டியே அடைப்பதும் ரத்த வங்கியுள்ள பெரிய மருத்துவமனையில் நடக்க வேண்டும். வீட்டில் இருக்கும்போது மணிக்கு ஒரு பேட் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து முழுதாக நனைந்தாலோ, எழுந்தால் தலைசுற்றினாலோ உடனே கிளம்புங்கள். டாப்ளர் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், இரவு டூட்டி டாக்டர் கியூரெட்டைக் கையில் எடுக்கும் முன் அதைப் பார்த்துவிடட்டும்.